சீதனக் காணி, கணவன் கையெழுத்து, அந்நியன் எழுதிய சட்டம்

பனங்கூடல் எழுதியது:

போன மாதம் சின்னம்மாவுக்குத் துணையாக காணிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசரிடம் போயிருந்தேன். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இரண்டு பரப்புக் காணி. அம்மம்மா சின்னம்மாவுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தது. காணி உறுதிப் பத்திரத்தில் சின்னம்மாவின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. நொத்தாரிசர் எல்லாவற்றையும் வாசித்தார், கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார், "அம்மா, உங்கட மனிசன் கையெழுத்து வைக்க வருவாரோ?" என்று கேட்டார்.

சித்தப்பா பதினேழு வருடமாக வேறொரு நாட்டில், வேறொரு குடும்பத்தோடு இருக்கிறார். விவாகரத்து எடுக்கவில்லை. "அப்ப கோர்ட்டில் அனுமதி எடுக்க வேணும்" என்றார். சின்னம்மா ஒன்றும் பேசவில்லை. உறுதியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து சட்டத்தை எடுத்துப் படித்தேன். 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாணத் திருமண உரிமை, மரபுரிமைச் சட்டம். தேசவழமை என்ற யாழ்ப்பாணத் தமிழர் வழக்கச் சட்டத்துக்கு உட்பட்ட மனைவி தன் சொந்த அசையாச் சொத்தை விற்க, கொடுக்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். நகை, பணம் என்றால் வேண்டாம். உயில் எழுதவும் வேண்டாம். அதாவது செத்த பிறகு கொடுக்க யாரையும் கேட்கத் தேவையில்லை, உயிரோடு இருக்கும்போது கொடுக்கத்தான் கேட்க வேணும்.

தேசவழமை என்பது எங்கட பழைய வழக்கம் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். எழுதி வைத்தவர் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த (டச்சு) அதிகாரி. 1707இல் எழுதிக் கொடுத்ததைத் தமிழில் பெயர்த்து, முதலியார் என்ற பதவியில் இருந்த உள்ளூர்த் தலைவர்கள் பன்னிரண்டு பேரிடம் காட்டிச் சரிபார்த்திருக்கிறார்கள். பன்னிரண்டு பேரும் ஆண்கள். அதற்கு நூறு வருடம் கழித்து, 1806இல், ஆங்கிலேயர் அதை 'யாழ்ப்பாண மாகாணத்து மலபார் குடிகளுக்கு' உரிய சட்டம் என்று உறுதிப்படுத்தினார்கள். எங்களுக்கு அவர்கள் வைத்த பெயர் மலபார்!

என் கேள்வி இதுதான். அந்நியர் ஆட்சியில் பெண்ணுக்குச் சட்டத்தில் ஏதாவது கிடைத்ததா, இருந்ததும் போனதா? தமிழ்நாடு, புதுச்சேரிப் பக்கம் என்ன நடந்தது? தெரிந்தவர்கள் எழுதுங்கோ.

பத்திரக்கட்டு எழுதியது:

தங்கச்சி, நான் மதுரைப் பக்கம் முப்பது வருஷம் பத்திரம் எழுதியவன். வக்கீல் இல்லை. ஆனால் வக்கீல்களோடு டீ குடித்தே பாதிச் சட்டம் தெரிந்துவிட்டது. எங்கள் பக்கத்து இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன். இரண்டிலும் பெண் ஜெயித்தாள். அதனால் கதை அவ்வளவு நேரானதல்ல.

சிவகங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 1772இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கம்பெனிப் படையோடும் நவாபு படையோடும் மோதிச் செத்தார். 1780இல் வேலுநாச்சியார் சீமையைத் திரும்பப் பிடித்தார். அப்போது அவர் எந்தக் கோர்ட்டிலும் போய் "விதவைக்கு உரிமை உண்டா" என்று கேட்கவில்லை. படை இருந்தது, ஆண்டார்.

அடுத்த நூற்றாண்டில் அதே சிவகங்கை ஜமீனுக்காக கௌரிவல்லபரின் மகள் காத்தம நாச்சியார் வழக்காடினார். கௌரிவல்லபர் இறந்தது 1829. தீர்ப்பு வந்தது 1863இல், அன்றைக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டான லண்டன் பிரிவி கவுன்சிலில். முப்பது வருஷத்துக்கு மேல்! ஜமீன் கௌரிவல்லபர் தானே சம்பாதித்த தனிச்சொத்து, ஆகவே அண்ணன் வாரிசுகளுக்குப் போகாது, மகளுக்குத்தான் என்று தீர்ப்பு.

இன்னொன்று ராமநாதபுரம். சேதுபதி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். ராணி தத்து எடுத்தார். கணவர் அனுமதி கொடுத்துவிட்டுப் போகவில்லையே, தத்து செல்லாது, ஜமீன் சர்க்காருக்கு என்று மதுரைக் கலெக்டர் மல்லுக்கு நின்றார். 1868இல் பிரிவி கவுன்சில், தென்னாட்டில் விதவை சபிண்டர்களின், அதாவது கணவனின் நெருங்கிய உறவினரின், சம்மதத்தோடு தத்து எடுக்கலாம், ஏட்டில் உள்ள விதியைவிட நிரூபிக்கப்பட்ட வழக்கமே பெரிது என்று சொன்னது. இன்றும் சட்டக்கல்லூரியில் பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்கிறார்கள்.

ஆக, அந்நியன் கோர்ட்டில் ஒரு ராணி கலெக்டரையே தோற்கடித்திருக்கிறாள்.

நேர்ப்பேச்சு எழுதியது:

பத்திரக்கட்டு ஐயா சொன்னதையே நான் இன்னும் நேராகச் சொல்கிறேன். 1829இல் உடன்கட்டைக்குத் தடை, மறுவருஷம் மெட்ராசுக்கும் வந்தது. 1856இல் விதவை மறுமணச் சட்டம். 1891இல் பெண்ணின் உடலுறவுச் சம்மத வயது பத்திலிருந்து பன்னிரண்டு. 1929இல் குழந்தை மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம், பெண்ணுக்குக் கல்யாண வயது குறைந்தது பதினான்கு. இதெல்லாம் யார் ஆட்சியில் வந்தது? நம் ராஜாக்கள் கொடுத்தார்களா? வெள்ளைக்காரன் சுரண்டினான், சரி. ஆனால் பெண் விஷயத்தில் அவன் இல்லாவிட்டால் இன்னும் நூறு வருஷம் பின்னால் இருந்திருப்போம். இதைச் சொன்னால் அடிக்க வருவீர்கள், வாருங்கள்.

கத்தரிப்பூ எழுதியது:

அடிக்க வரவில்லை, நேர்ப்பேச்சு. உட்கார்ந்து 1856 சட்டத்தின் இரண்டாம் பிரிவைப் படிக்கலாம், வாருங்கள்.

முதல் பிரிவு மறுமணம் செல்லும் என்கிறது. இரண்டாம் பிரிவு மறுமணம் செய்தவளுக்கு முதல் கணவன் சொத்தில் இருந்த உரிமை அன்றோடு போயிற்று, அவள் செத்தவள் மாதிரி அடுத்த வாரிசுக்குப் போகும் என்கிறது. மறுமணமே கூடாது என்றிருந்த மேல்சாதிப் பெண்ணுக்கு இது ஒரு கதவு. தாலி அறுத்து மறுமணம் கட்டும் வழக்கம் காலங்காலமாக இருந்த சாதிகள் எத்தனை? அவர்களுக்கு இந்தச் சட்டமே தேவைப்படவில்லை. ஆனால் தண்டனை மட்டும் அவர்களையும் வந்து பிடித்தது. 1877இல் மெட்ராஸ் ஹைகோர்ட் மறவர் விதவை ஒருத்தி விஷயத்திலேயே, மறுமணம் செய்தால் சொத்து போகும் என்று சொல்லிவிட்டது. கல்கத்தாவும் பம்பாயும் அப்புறம் அதே வழியில் போயின. அலகாபாத் மட்டும் வேறு மாதிரி, வழக்கம் உள்ள சாதிக்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்றது. ராமநாதபுரத்தில் ஏட்டைவிட வழக்கம் பெரிது. அங்கே ஜமீன், ராணி. இங்கே பேரில்லாத ஒரு குடியானவப் பெண். வழக்கம் எப்போது பெரிதாகும், எப்போது சிறிதாகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ருக்மாபாய். பதினோரு வயதில் பம்பாயில் கல்யாணம். வளர்ந்த பிறகு கணவனோடு வாழ மாட்டேன் என்றாள். அவன் 'தாம்பத்திய உரிமையை மீட்டுத் தா' என்று வழக்குப் போட்டான். இந்த வழக்கு வகை நம் சாஸ்திரத்தில் இல்லை. இங்கிலாந்துச் சர்ச் கோர்ட்டிலிருந்து கப்பலேறி வந்தது. 1885இல் நீதிபதி பின்ஹி வழக்கைத் தள்ளினார். ஒரு பெண்ணை, குதிரை மாடு போல, பிடிக்காதவனிடம் பிடித்துக் கொடுக்க முடியாது என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். அப்பீலில் அது உடைந்தது. 1887இல் ஒரு மாதத்துக்குள் கணவனிடம் போ, இல்லாவிட்டால் ஆறு மாதம் ஜெயில் என்று உத்தரவு. ஜெயிலுக்கே போகிறேன் என்றாள் அவள். மறுவருஷம் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்துச் சமரசம் ஆனது. அதன்பின் லண்டனில் மருத்துவம் படித்து டாக்டராகத் திரும்பினாள்.

திலகர் யார் பக்கம் இருந்தார் தெரியுமா? கணவன் பக்கம். வெள்ளைக்கார நீதிபதிகளும் சுதேசித் தலைவரும் ஒரே வரியில் நின்றார்கள். நடுவில் இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி.

சுதந்திரம் வந்து அந்த இறக்குமதிச் சரக்கை நாம் தூக்கி எறிந்தோமா? 1955 இந்து திருமணச் சட்டம், ஒன்பதாம் பிரிவு. அங்கே உட்கார்ந்திருக்கிறது. ஆந்திர ஹைகோர்ட் 1983இல் அது செல்லாது என்றது. சுப்ரீம் கோர்ட் 1984இல் செல்லும் என்றது. வக்கீலான என்னிடம் வரும் பெண்களில் ஜீவனாம்சம் கேட்டுப் போகிறவளுக்கு எதிராகக் கணவன் வீட்டார் முதலில் போடும் பெட்டிஷன் இதுதான்.

திண்ணைவாசி எழுதியது:

பாப்கார்னோடு வந்தேன், நோட்டுப் புத்தகத்தோடு போகிறேன். ஒரு சந்தேகம்: அந்தக் காலத்தில் இங்கிலாந்துப் பெண்ணுக்கே என்ன உரிமை இருந்தது?

கத்தரிப்பூ எழுதியது:

நல்ல கேள்வி. பெரிதாக ஒன்றுமில்லை. மணமானதும் மனைவியின் சட்ட இருப்பே கணவனுக்குள் கரைந்துவிடும் என்பது அவர்கள் பொதுச்சட்டம். 1870, 1882 சட்டங்கள் வந்த பிறகுதான் அவள் தன் சொத்தைத் தன்னுடையது என்று சொல்ல முடிந்தது. காத்தம நாச்சியாருக்கு 1863இல் ஜமீனைக் கொடுத்த அந்த லண்டனில், தெருக்கோடியில் இருந்த கடைக்காரன் மனைவி தன் சம்பாத்தியத்தைக்கூடச் சட்டப்படி வைத்துக்கொள்ள முடியாது. இங்கே பெண்ணின் தனிச்சொத்துக்கு ஸ்திரீதனம் என்று ஒரு பெயராவது இருந்தது.

வில்லியனூர்க்காரி எழுதியது:

எங்கள் ஊர்க் கதையை யாரும் கேட்கவே மாட்டீர்களா? பிரெஞ்சுக்காரன் வேறு மாதிரி விளையாடினான்.

1881இல் ஒரு ஆணை வந்தது. சொந்த வழக்கச் சட்டத்தை விட்டுவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு மாற விரும்புகிறவர் கையெழுத்துப் போட்டு மாறலாம். அப்படி மாறியவர்களை ரெனோன்சான் என்பார்கள். புதுப் பெயரும் எடுத்துக்கொள்வார்கள். எங்கள் தெருவில் இன்னும் சில வீட்டு வாசலில் அந்த மாதிரிப் பெயர்ப்பலகை உண்டு. சாதியைக் கழற்ற இதுதான் வழி என்று மாறியவர்கள் பலர்.

பெண்ணுக்கு என்ன ஆயிற்று? மகனுக்கும் மகளுக்கும் சரிபாதிப் பங்கு. 1881இல்! தமிழ்நாட்டில் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை 1989இல்தான் வந்தது, அதுவும் அதற்கு முன் கல்யாணம் ஆனவளுக்குக் கிடையாது. ஆனால் அதே நெப்போலியன் சட்டத்தின் 213ஆம் பிரிவில், கணவன் மனைவிக்குப் பாதுகாப்புத் தர வேண்டும், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று எழுதி வைத்திருந்தான். மகளாக இருக்கும்வரை சமம், மனைவியானதும் அடக்கம். பிரான்சில் அந்தக் கீழ்ப்படிதலை எடுத்தது 1938இல். பிரெஞ்சுப் பெண்களுக்கே ஓட்டுரிமை 1944இல்தான்.

நேர்ப்பேச்சு சாருக்கு: சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்றார்களே, சகோதரிகளை எங்கே விட்டார்கள்?

நேர்ப்பேச்சு எழுதியது:

சரி, 1856 விஷயத்தில் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். மறவர் வழக்கு எனக்குத் தெரியாது. ஆனால் என் வாதத்தின் மறுபாதியை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். திலகர் சம்மத வயதுச் சட்டத்தையும் எதிர்த்தார். அந்நிய அரசு நம் வீட்டுக்குள் கை வைக்கக்கூடாது என்றார். பத்துப் பதினோரு வயதுச் சிறுமி பூல்மணி கல்யாணப் படுக்கையில் செத்த பிறகும் அதே பேச்சு. நாடு பறிபோனது, வீடாவது நம் கையில் இருக்கட்டும் என்ற அரசியல் அது. அந்த 'வீட்டுக்கு' ஒரு பெண்ணின் உடம்பைத்தான் வேலியாக நட்டார்கள். ஆக்கிரமித்தவனை மட்டும் திட்டிக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது.

கத்தரிப்பூ எழுதியது:

இதில் உங்களோடு முழுசாக ஒத்துப்போகிறேன், நம்பினால் நம்புங்கள்.

ஆனால் பாதியில் நிறுத்தாதீர்கள். வெள்ளைக்காரன், சுதேசித் தலைவர் என்று இரண்டு கட்சி மட்டும் இருந்த மாதிரிப் பேசுகிறோம். பெண்களே பேசினார்கள். 1917 டிசம்பரில் பிரிட்டிஷ் அரசின் இந்தியா மந்திரி மாண்டேகு மெட்ராஸ் வந்தபோது சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு போய் ஓட்டுரிமை கேட்டது. அதே வருஷம் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியிருந்தது. 1919 சட்டம் வந்தபோது லண்டன் நழுவிவிட்டது. வேண்டுமானால் அந்தந்த மாகாணச் சபை முடிவு செய்யட்டும் என்றது. மெட்ராஸ் சபைதான் முதலில் 1921இல் கொடுத்தது. சொத்து இருப்பவளுக்கு மட்டும். எத்தனை பெண்ணுக்கு அன்று தன் பெயரில் சொத்து? 1935 சட்டத்தில் அதைச் சரிசெய்கிறேன் என்று, தகுதியுள்ள வாக்காளனின் மனைவிக்கும் ஓட்டு என்றார்கள். அங்கேயும் கணவன் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். பனங்கூடல், உங்கள் நொத்தாரிசர் கேட்ட அதே கேள்விதான், இடம் மட்டும் வேறு.

அப்புறம் முத்துலட்சுமி ரெட்டி. மெட்ராஸ் மேல்சபைக்குள் நுழைந்த முதல் பெண், துணைத்தலைவராகவும் இருந்தார். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டுவதை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். காங்கிரஸ் சத்தியமூர்த்தி எதிர்த்தார். வெளியே தேவதாசிகள் சங்கமும் 1927இல் எதிர்த்து மனுக் கொடுத்தது. நாங்கள் கலைஞர்கள், எங்கள் குலத்தில் மகள் சொத்துக்கு வாரிசு, எங்களைக் கேட்காமல் எங்களைத் திருத்தாதீர்கள் என்ற தொனி. அந்தக் குலத்துக்கு உள்ளேயிருந்தே வந்த மூவலூர் ராமாமிர்தமோ ஒழித்தே தீர வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். 1930இல் காந்தி கைதானதும் முத்துலட்சுமி பதவியை விட்டார். சட்டம் 1947இல்தான் வந்தது.

என் மனசு ராமாமிர்தம் பக்கம். ஆனால் அந்த மனுவைத் தள்ளிவிடவும் முடியவில்லை. தமிழ்ச் சமூகத்தில் பெண் தன் பெயரில் வீடு, நிலம் வைத்து மகளுக்குக் கொடுத்த மிகச் சில இடங்களில் அது ஒன்று.

பத்திரக்கட்டு எழுதியது:

மேல்சபை இல்லை அம்மா, அன்று ஒரே சபைதான், சட்டமன்றக் கவுன்சில். பத்திரம் எழுதியவனுக்குச் சொல்லில் பிழை பொறுக்காது, மன்னியுங்கள்.

ஒன்று சேர்க்கிறேன். 1929 பிப்ரவரி செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அன்றைய பெரிய கட்சிகள் வாயைத் திறக்காத விஷயம். புரோகிதர் இல்லாத கல்யாணமும் நடத்திக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கல்யாணங்கள் சட்டப்படி செல்லாது என்று மெட்ராஸ் ஹைகோர்ட் சொன்னது வெள்ளைக்காரன் காலத்தில் இல்லை, 1953இல்! அண்ணா ஆட்சியில் 1967இல் சட்டம் வந்துதான் செல்லுபடியானது. நடுவில் வாரிசுச் சான்று கேட்டு என் மேசைக்கு வந்தவர்களின் அம்மாக்களில் சிலர் அப்படிக் கட்டிக்கொண்டவர்கள். "மாலை மாத்தினது ஊருக்கே தெரியுமே" என்பார்கள். ஊருக்குத் தெரிந்தால் போதுமா?

கத்தரிப்பூ எழுதியது:

திருத்தியதற்கு நன்றி ஐயா, அவசரத்தில் எழுதிவிட்டேன்.

பனங்கூடல் எழுதியது:

எல்லாவற்றையும் இரண்டு தரம் வாசித்தேன். எங்கட பக்கத்திலும் இதே கதைதான்.

ஓட்டில் நாங்கள் உங்களுக்கு முந்தி. இலங்கைக்கு அரசியல் சீர்திருத்தம் சொல்ல வந்த டொனமூர் குழு 1928இல் வாக்குரிமை வயது ஆணுக்கு இருபத்தொன்று, பெண்ணுக்கு முப்பது என்றுதான் சொன்னது. பிறகு பெண்ணுக்கும் இருபத்தொன்று ஆகி, 1931இல் சொத்து, படிப்பு எதுவும் பார்க்காமல் எல்லாருக்கும் வாக்கு. பொன்னம்பலம் இராமநாதன் எதிர்த்தார். பெண்களுக்குக் கல்லூரி கட்டியவரும் அவர்தான்! அந்த முதல் தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் புறக்கணித்தது, டொனமூர் தருவது சுயராஜ்யம் இல்லை என்று. அந்தக் காரணம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் முதன்முதலாக வாக்குக் கிடைத்த பெண்கள் அன்றைக்கு என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

காணி விஷயத்தில் நிலைமை தலைகீழ். 1923இல் ஒரு சட்டம் வந்து, இலங்கையில் மணமான பெண் கணவனைக் கேட்காமல் தன் சொத்தை விற்கலாம் என்றது. ஆனால் கண்டியச் சட்டத்தார், முஸ்லிம்கள், தேசவழமைத் தமிழர் ஆகியோருக்கு அது பொருந்தாது. அவரவர் வழக்கத்தில் கை வைக்க மாட்டோமாம். கொழும்பில் என்னோடு வேலை செய்யும் சிங்களத் தோழியின் பாட்டி 1923இலேயே தப்பிவிட்டார். என் சின்னம்மா இன்னும் தப்பவில்லை. வெள்ளைக்காரன் போய் எத்தனை வருஷம், அதற்குப் பிறகு அந்த வரியை மாற்ற எங்கட அரசியல்வாதிகள் கைவைத்தார்களா? கேட்டால், தேசவழமை தமிழரின் அடையாளம் என்பார்கள். நேர்ப்பேச்சு அண்ணா சொன்ன வேலிதான்.

இன்னொன்று. ஐசாக்ஸின் தொகுப்பிலேயே, முந்திய காலத்தில் தந்தையின் முதுசம் (பரம்பரைச் சொத்து) மகன்களுக்கு, தாயின் சீதனம் மகள்களுக்கு என்று இருந்தது, பறங்கியர் (போர்த்துக்கேயர்) காலத்தில் அது மாறியது என்று எழுதியிருக்கிறது. அதாவது எழுதும்போதே வழக்கம் ஓடிக்கொண்டிருந்தது. எழுதிய பிறகுதான் நின்றுவிட்டது.

நேர்ப்பேச்சு எழுதியது:

தங்கச்சி, 1911 சட்டத்திலேயே வழி இருக்குமே? கைவிட்டுப் போன கணவனுக்குப் பதில் கோர்ட் சம்மதம் தரலாம் என்று?

பனங்கூடல் எழுதியது:

இருக்கிறது அண்ணா, எட்டாம் பிரிவு. கைவிட்டவர், பிரிந்து வாழ்பவர், மனநலம் இல்லாதவர், இருக்கும் இடம் தெரியாதவர் என்றால் மாவட்ட நீதிமன்றம் அனுமதி தரலாம். மனுப் போட்டாயிற்று. அடுத்த தவணை வைகாசியில்.

மனுவோடு பழைய உறுதிகளைக் கட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அதில் அம்மம்மா சின்னம்மாவுக்கு எழுதிய சீதன உறுதியை முதன்முறையாக முழுசாகப் பார்த்தேன். அம்மம்மா உடுவில் பெண்கள் பாடசாலையில் படித்தவர். கையெழுத்து அச்சுப் போல, ஒவ்வொரு சுழியும் தனித்தனியாக நிற்கிறது. அதற்குக் கீழே 'சம்மதம்' என்று நொத்தாரிசரின் கையால் எழுதி, பக்கத்தில் தாத்தாவின் பெருவிரல் ரேகை.

சின்னம்மா அதைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயாவுக்குப் பேப்பர் வாசிச்சுக் காட்டுறதும் அம்மாதான்" என்றார்.